வெற்றிலைக்கு ஆகாதவள்

மூன்று ஃபேஸ் கரண்ட் பத்து மணிக்கு வந்தது. போர்வெல் கம்ப்ரஸர் இரண்டு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த தாரணி நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தாள். இனி கரண்ட் போகிற வரைக்கும் ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றே கால் மணி நேரம். அதுவரைக்கும் அத்தை தண்ணீர் பாய்ச்சுவாள், அதுவரைக்கும் ஒன்றரை வயது நேத்ரா அத்தையின் பின்னாலேயே தோட்டத்துக்குள் தத்தித் தத்தி நடப்பாள், அதுவரைக்கும் பெற்றவள் இந்தப் படியை விட்டு இறங்கக் கூடாது. இன்றைக்கு இரண்டாம் நாள். நாளை மறுநாள் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் செடி பக்கம் போகலாம். வீட்டுக்குத் தூரமானவள் போனால் பூ கருகும், கத்தரிக்காய் சொத்தையாகும், வெற்றிலைக் கொடிக்கோ நிழல் பட்டாலே போதும், மறுநாளே தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதை மாமா சொன்னார். மற்ற நாளில்கூட வெற்றிலைக்குப் பொம்பளை ஆகாது என்று சொல்லி அந்த மூலைக்கு அத்தையையே அவர் விடுவதில்லை, தண்ணீரும் அவரே குடத்தில் கொண்டுபோய் ஊற்றுவார். பிள்ளைக்கு மட்டும் எதுவும் இல்லை. "பச்சப்புள்ளைக்கு ஏதுடி தீட்டு? சாமி மாதிரி" என்று அத்தை பேச்சியம்மாள் காலையிலேயே பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "இந்த மூணு நாளும் எம்பேத்தி என்கிட்டதான். நீ சும்மா கெட." சும்மாதான் கிடக்கிறாள். சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்குத் தெரியும். கண்ணை இமைக்காமல் ஒரு மஞ்சள் கவுனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவுன் வெண்டைச் செடிக்குப் பின்னால் போனால் மூச்சை நிறுத்த வேண்டும், இந்தப் பக்கம் வந்தால் விட வேண்டும்.

தோட்டத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை கம்ப்ரஸரைப் பார்க்க வந்த ரஃபீக் பாய், டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஏன் மாமா, நீங்க மொத்தம் மூணு போர் போட்டீங்கள்ல? ஒண்ணு துணி தொவைக்கிற கல்லுக்குக் கீழ, ஒண்ணு இந்தா ஓடுது. மூணாவத என்ன பண்ணுனீங்க? கேசிங் பைப்பக்கூட உருவித் தம்பிக்குக் குடுத்தீங்களே" என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "அதான் சாக்கத் திணிச்சு மண்ணப் போட்டு மேல செடி வச்சாச்சுல்ல பாய். வந்த வேலையப் பாரு." சாக்கு. சாக்கு மண்ணுக்குள் எத்தனை நாள் சாக்காக இருக்கும்? போன வாரம் மூன்று நாள் மழை. இரும்புப் பைப்பை உருவிவிட்டால் குழியின் வாய் நிற்காது, உள்ளே மண் கொட்டிக்கொண்டே இருக்கும், மேலே ஒரு சாண் மண் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். மாமா சுருளியாண்டி முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், இப்போதும் வீட்டுக்குள் யாராவது வாசலில் நின்றால் 'உள்ள போ, உள்ள போ' என்கிற குரல்தான். ரிட்டயர்டான வருஷம் அவருடைய மச்சினன் நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்தானாம், தேங்காய் எழுந்து செங்குத்தாக நின்ற இடத்தில் ரிக் வண்டியை நிறுத்தினார்களாம், எழுநூறு அடிக்குப் புழுதிதான் புகைந்ததாம். அத்தை அப்போது மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாளாம், தெரு சிரிக்குமே என்று விடிவதற்குள் வண்டியை அனுப்பிவிட்டார்களாம். அதற்கு அடுத்த வாரம்தான் மனுஷனுக்குத் தோட்டத்து மேல் ஆசை வந்தது. வந்தவர் போனவர் எல்லாம் 'இந்த வயசுல எப்படி உருவாக்கியிருக்காரு பாரு' என்று மூக்கில் விரலை வைத்தார்கள். தாரணியும் வைத்தாள், கல்யாணமான புதிதில், வெட்கமாக இருக்கிறது இப்போது. இவள் ஒவ்வொருவராகக் கேட்டும் பார்த்துவிட்டாள். அத்தை, "எல்லாம் கல்லு போட்டு மூடியாச்சு. உங்க மாமா என்ன கூறுகெட்ட மனுசனா? மூணு புள்ள வளத்தவருடி" என்றாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற புருஷன் வீரகுமார் போனில், "அதெல்லாம் அப்பா பாத்துக்குவாரு. நீ போர்க்குழியில புள்ள விழுந்த வீடியோவாப் பாக்குறத முதல்ல நிறுத்து" என்றான், பின்னால் மெஷின் சத்தம், ஞாயிற்றுக்கிழமை வரும்போது பேசிக்கலாம் என்றான், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக்கொண்டு வந்தான், தின்றுவிட்டு பஸ் ஏறினான். அம்மா அனுசரித்துப் போகச் சொன்னாள். கடைசியில் மாமாவின் நாற்காலிக்கு முன்னாலேயே போய் நின்று கேட்டாள். அவர் பேப்பரை மடித்தார். "எந்த எடமா இருந்தா ஒனக்கென்ன? நாலு வருசமா மேல செடி நிக்குது. செடி நிக்கிற எடத்துல மனுசன் நிக்க மாட்டானா?"

ஆறரை அங்குலம். அதுதான் ஓட்டையின் அகலம். நாலு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் நேத்ரா தூங்கும்போது தையல் டேப்பை எடுத்து அவள் தோளை அளந்து பார்த்தாள், ஒன்பது, அப்பாடா என்று இருந்தது, கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வாணலியில் வெங்காயம் வதக்கினாள், வதக்கும்போதுதான் தோன்றியது, கையை மேலே தூக்கினால்? திரும்பப் போய் ஒரு கையைத் தூக்கிவைத்து அளந்தாள். இரண்டு கையையும் தூக்கி அளக்க மனம் வரவில்லை. விழுகிற பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டுதானே விழும், அம்மா தூக்கு என்று கேட்கிற மாதிரிதானே. டேப்பைச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள், யாராவது பார்த்தால் பிள்ளையை அளக்கிறவள் என்று அதற்கும் ஒரு பேர் வரும். ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது. முந்தாநாள் சேலைத் துணியைக் கிழித்து நேத்ராவின் இடுப்பில் ஒரு முனையையும் தூணில் ஒரு முனையையும் கட்டிவைத்திருந்ததை அத்தை பார்த்துவிட்டாள். "ஆட்டுக்குட்டியாடி அது, கட்டிப்போட?" தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. கான்வென்ட்டில் படித்த மருமகள் பிள்ளை வளர்க்கிற லட்சணம்.

அதோ மாமா மோட்டார் ரூம் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஹோஸ் பைப் காய்கறிப் பாத்தியில் ஓடுகிறது. கத்தரி, வெண்டை, கொத்தவரை, அதைத் தாண்டி மல்லிகை, காக்கரட்டான், அப்புறம் கனகாம்பரப் பாத்தி, மூலையில் நாலு அகத்தி மரத்தில் ஏறி இருட்டாக நிற்கிற வெற்றிலைக் கொடி. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்கத் தாரணிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. செடி பாவம் என்று யார் சொன்னது. எதன் மேல் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும், வேர் போய்த் தொட்டுப் பார்த்திருக்கும், உள்ளே காற்றுதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பக்கவாட்டில் திரும்பியிருக்கும், தெரிந்துகொண்டேதான் பூக்கிறது. அஞ்சாம் வகுப்பு சயின்ஸில் ஒரு பாடம், தோட்டத்தின் வகைகளும் பயன்களும், சிஸ்டர் அமலியா ஸ்கேலால் மேஜையைத் தட்டத் தட்ட மொத்த வகுப்பும் பாடும். காய்கறித் தோட்டம் உணவுக்கு, பூந்தோட்டம் அழகுக்கு, மூலிகைத் தோட்டம் மருந்துக்கு, பழத்தோட்டம் சத்துக்கு, தாவரவியல் தோட்டம் அறிவுக்கு. திண்டுக்கல் வெயிலில் ஸ்கூலின் முன்பக்கம் புல் வளர்த்திருந்தார்கள், வெள்ளையடித்த செங்கல்லைச் சாய்த்து வரிசையாக நட்டு, நடுவில் குரோட்டன்ஸ், பிஷப் வருகிற நாளைத் தவிர வேறு யாரும் அதன் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்கக் கூடாது. அந்தத் தோட்டத்தின் பயன் தூரத்தில் இருப்பது. பின்பக்கம் கீரைப் பாத்தி இருந்தது, வகுப்பில் தமிழ் பேசியவர்களெல்லாம் சாயந்தரம் அதில் களை பிடுங்க வேண்டும், தாரணி நிறையப் பேசுவாள், நிறையப் பிடுங்கியிருக்கிறாள். பிடுங்கும்போது தூரமா பக்கமா என்று எந்த சிஸ்டரும் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே பிடுங்குவார்கள் பெரிய பிள்ளைகள். அந்தக் கீரை கருகவே இல்லையே, கொழுத்துப்போய் வளர்ந்ததே, அதைத்தானே இரவுச் சாப்பாட்டில் மறுபடி இவர்களுக்கே ஊற்றினார்கள். சாப்பலுக்குப் பின்னால் செத்துப்போன சிஸ்டர்களின் கல்லறைத் தோட்டம். பரீட்சையில் ஆறாவது வகையாக இவள் அதை எழுதிவைத்தாள். கல்லறைத் தோட்டம், பயன்: உள்ளே இருப்பது தெரியாமல் இருக்க. குறும்புக்கு எழுதவில்லை, தெரிந்ததை எழுதினாள். சிஸ்டர் அமலியா விடைத்தாளை எல்லோர் முன்பும் வாசித்துவிட்டு அரை நாள் வராந்தாவில் முட்டி போட வைத்தாள். "கெட்ட மனசு இருந்தால்தான் பூவைப் பார்க்கும்போது இப்படித் தோன்றும்." கெட்ட மனசுதான் சிஸ்டர். நல்ல மனசு உள்ளவர்கள் எல்லோரும் அங்கே ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மஞ்சள் கவுன் எங்கே. மல்லிகைக்குப் பக்கத்தில். சரி. இருக்கிறாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது, மேல வீட்டு முத்துப்பிள்ளை, பூ கேட்டு வருகிறவள், பூவைவிட அதிகமாகச் செய்தி கேட்டு வருகிறவள். "என்ன மதினி, மருமக வாசப்படியில தர்பார் நடத்துறா?" "மகாராணி மூணு நாளைக்கு லீவு" என்றாள் அத்தை, தண்ணீரை நிறுத்தாமலே. "பாவம், மொகத்தப் பாரேன், புள்ளய யாரோ களவாண்டுட்டுப் போற மாதிரி முழிக்கிறா." "அவளுக்குப் பயம் முத்துப்பிள்ள. எதுக்கெடுத்தாலும் பயம். பல்லியப் பாத்தாப் பயம், கொசுவப் பாத்தாப் பயம். இப்பப் புதுசா மண்ணப் பாத்துப் பயம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள், வாய் அதுவாகவே சிரித்தது, அந்த வாயை அவளே அறையலாம் போலிருந்தது. "அத்தை, புள்ளய இங்க விடுங்களேன், பால் குடிக்கிற நேரம்" என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "இப்பத்தான குடிச்சா. ஒனக்குப் பொழுது போகலைன்னா வெங்காயத்த உரி." முத்துப்பிள்ளை சுவருக்குப் பின்னால் இறங்கினாள். மாமா பேப்பரில் அடுத்த பக்கம் திருப்பினார்.

தண்ணீர் கனகாம்பரப் பாத்திக்கு வந்தது. வாய்க்காலில் நுரையும் சருகுமாக நகர்ந்து வந்து பாத்தி முழுக்கப் பரவப் போகிறது என்று பார்த்தால் பரவவில்லை. நடுவில் ஓர் இடத்தில் லேசாகச் சுற்றியது, சுற்றி, உள்ளே போனது. தாரணி முன்னால் குனிந்தாள். மறுபடி வந்த தண்ணீரும் அங்கேயே போனது. "இந்தக் கனகாம்பரத்துக்கு மட்டும் எவ்வளவு ஊத்தினாலும் பத்தலையே, என்ன குடி குடிக்குது" என்று அத்தை தனக்குள் பேசிக்கொண்டு ஹோஸை அங்கேயே போட்டுவிட்டு, வெண்டைச் செடியில் பூச்சி பார்க்கத் திரும்பினாள். திரும்பாதீங்க. இவள் வாய்விட்டுச் சொன்னாளா இல்லையா தெரியவில்லை. நேத்ரா தண்ணீரைப் பார்த்துவிட்டாள். சுற்றுகிற தண்ணீரைப் பார்த்தால் அவள் கை கொட்டிச் சிரிப்பாள், பாத்ரூமிலும் அப்படித்தான், ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற தண்ணீருக்கு டாட்டா சொல்வாள். வரப்பைத் தாண்டினாள். ஒரு தடவை விழுந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். குட்டிக் கையைச் சேற்றுக்குள் விட்டாள், மணிக்கட்டு மறைந்தது, முழங்கை மறைந்தது, கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தாள்.

படி எப்போது காலுக்குக் கீழிருந்து போயிற்று. கத்தரிச் செடி தொடையில் கீறியது, எதுவோ ஒடிந்தது, ஹோஸில் கால் சிக்கி முட்டி மண்ணில் மோதியது, கவுனின் முதுகுப் பக்கம் கைக்குள் வந்தது, இழுத்தாள், பிள்ளை வீறிட்டது. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, மற்றக் கையை அந்த ஓட்டைக்குள் விட்டாள். முழங்கைவரை போயிற்று. அடி இருந்தது. பக்கவாட்டில் ஒரு வழி. வழவழவென்று மண், உள்ளிருந்து ஒரு நாற்றம், ஊறிய நெல். பெருச்சாளி வளை. வெறும் பெருச்சாளி. அவள் கையை வெளியே எடுத்தாள், சேறு சொட்டியது, அழுகை வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

"அடிப் பாவி" என்றாள் அத்தை. வெண்டைச் செடிக்கு நடுவிலிருந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "என்ன காரியம்டி பண்ணிட்ட? இந்தக் கோலத்துல உள்ள வந்து, கத்திரியப் பூரா மிதிச்சு... பெருச்சாளி வளைக்கா இந்த ஆட்டம்? ஏங்க, இங்க வந்து பாருங்க ஒங்க மருமக பவுச!" மாமா ஏற்கெனவே எழுந்திருந்தார், பேப்பர் நாற்காலியிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. சுவருக்கு மேல் முத்துப்பிள்ளையின் தலை மறுபடி முளைத்தது. "போ வெளிய" என்றார் மாமா, பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற குரலில். "தொட்ட செடியெல்லாம் இனி வெளங்குமா? மொதல்ல படிக்குப் போ." தொட்ட செடியெல்லாம். அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்தது. தொட்டால் விளங்காது. விளங்காததை வைத்திருக்க மாட்டார்கள், பிடுங்கிப்போடுவார்கள். பிடுங்கினால் மண்ணைக் கிளறியாக வேண்டும். கிளறினால் ஓட்டை தெரியும். இவ்வளவு நாள் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதற்கு இவர்களிடம் பதில் இல்லை. இதற்கு இருக்கும். பக்கத்திலிருந்த கனகாம்பரத்தைத் தொட்டாள். சும்மா விரல் படுகிற மாதிரி இல்லை, உள்ளங்கை முழுக்க வைத்து, தலையைத் தடவுகிற மாதிரி. அடுத்த செடி. அடுத்தது. "ஏய்" என்றாள் அத்தை. மல்லிகை. காக்கரட்டான். மொட்டு உதிர்ந்தது. "ஏங்க, இவளுக்கு என்னமோ புடிச்சிருக்கு." வெண்டையின் சுணை உள்ளங்கையில் அரித்தது, அதையும் விடவில்லை. கத்தரியில் ஒடியாமல் நின்ற நாலு செடியையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "எல்லாத்தயும் புடுங்கித்தான்டி போடணும் இனி!" என்று அத்தை வயிற்றில் அடித்துக்கொண்டாள். "புடுங்குங்க அத்தை." "என்னது?" "தொட்டுட்டேன்ல. ஒண்ணு விடாமப் புடுங்குங்க. எங்க இருந்து ஆரம்பிக்கிறீங்க?" சுவருக்கு மேலிருந்து முத்துப்பிள்ளை, "ஆத்தாடி" என்றாள்.

மிச்சம் இருந்தது வெற்றிலை. மூலையில் அகத்தி மரத்தின் மேல் அடுக்கடுக்காக, ஒவ்வொரு இலையும் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. அதை நோக்கி நடந்தாள். நேத்ரா அழுது முடித்து, விக்கிக்கொண்டே தாயின் காதைப் பிடித்திருந்தாள், கனத்தாள், இடுப்பு வழுக்கியது. பத்தடி, எட்டடி. மாமாவின் காலடிச் சத்தம் பின்னால் கேட்டது, ஓடி வந்தவர் பாத்தி ஓரத்தில் நின்றுவிட்டார். அங்கிருந்து ஓரடி எடுத்து வைக்கவில்லை. நாலு வருஷமாகக் குடம் தூக்கி வந்து இதே ஓரத்தில் நின்றுதான் ஊற்றுவார் போல, அவர் நின்ற இடம் மட்டும் கால்பட்டுக் கால்பட்டு வழவழத்துக் கிடந்தது, அதற்கு அப்பால் புல்லில் ஒரு தடம் இல்லை. தாரணி கொடிக்கு ஒரு கை தூரத்தில் இருந்தாள். பிள்ளை நழுவியது. சரியாகத் தூக்கிக்கொள்ளலாம் என்று குனிந்தாள், நேத்ராவின் கால் தரையை எட்டித் துழாவியது.

"புள்ளய எறக்கிராத!" அது கண்டக்டர் குரல் இல்லை, மாமாவிடம் இதுவரை கேட்டிராத ஒரு குரல், தொண்டை கிழிந்துபோய், கெஞ்சுகிற மாதிரி. "தாரணி, ஏ ஆத்தா, அசையாத. புள்ளயத் தூக்கிப் புடி. புள்ள காலு கீழ படக் கூடாது." அவள் அசையவில்லை. குனிந்தபடியே பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தாள். பாதத்துக்குக் கீழே மண் மெத்தென்று இருந்தது, உள்ளே ஏதோ ஒரு பொடி எங்கோ உதிர்கிற மாதிரி, அது நிஜமா நினைப்பா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார், வரவும் முடியாமல் போகவும் முடியாமல். அத்தை அவரைப் பார்த்தாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். மூன்று பிள்ளையைப் பெற்று வளர்த்த அவள் முகத்தில் கோபம் அப்படியே நின்றுபோய், அதன் மேல் வேறு ஒன்று மெதுவாக வந்து படிந்தது.

"ஏங்க" என்றாள் பேச்சியம்மாள். "புள்ளைக்குத் தீட்டு ஒண்ணும் இல்லியே. அதுகூடப் படக் கூடாதுன்னா, அங்க என்ன இருக்கு?"